சிரக்கூசாவில் மூன்று நாள்



திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரத்தை வாசிக்கும்போது நம்மில் பலர் வேகமாகக் கடந்துவிடும் ஒரு வசனம் உண்டு. அது 28:12. மால்த்தா தீவில் கப்பல் உடைந்து, மூன்று மாதம் அங்கே குளிர்காலத்தைக் கழித்த புனித பவுல், வேறொரு கப்பலில் உரோமை நோக்கிப் புறப்படுகிறார். வழியில் சிரக்கூசா நகரில் இறங்கி மூன்று நாள் தங்கியதாக லூக்கா எழுதுகிறார். அவ்வளவுதான். யாரைச் சந்தித்தார்கள், என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்து வரும் புத்தயோலி துறைமுகத்தில் சகோதரர்களைக் கண்டதாகவும் அவர்களோடு ஏழு நாள் தங்கியதாகவும் குறிப்பிடுகிற அதே லூக்கா, சிரக்கூசாவைப் பற்றி மௌனமாக இருக்கிறார்.

ஆனால் அந்த மூன்று நாள்களை அந்நகர மக்கள் இன்றுவரை மறக்கவில்லை. உரோமைக்குத் திருப்பயணம் செல்லும் நம் மக்களில் மிகச் சிலரே இத்தாலியின் தென்கோடிக்கு, சிசிலித் தீவுக்குப் போகிறார்கள். போகிறவர்கள் இந்த நகருக்கு இரண்டு நாளாவது ஒதுக்க வேண்டும். அங்கே என்ன பார்க்கலாம், ஏன் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

சிரக்கூசா சிசிலியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. இத்தாலிய மொழியில் சிரக்கூசா, ஆங்கிலத்தில் சிரக்யூஸ். கிரேக்க நாட்டின் கொரிந்து நகரத்தார் கி.மு. 734 வாக்கில் இங்கே குடியேறினர். ஆம், பவுல் பிற்காலத்தில் இரண்டு திருமுகங்கள் எழுதிய அதே கொரிந்துதான். அந்தத் தாய் நகரையே மிஞ்சும் அளவுக்கு இந்தக் குடியேற்றம் வளர்ந்தது. கி.மு. 212இல் உரோமையர் இதைக் கைப்பற்றியபோது கொல்லப்பட்டவர்களில் ஒருவர் கணித மேதை ஆர்க்கிமிடீஸ். பவுல் இங்கே இறங்கிய கி.பி. 60ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது உரோமை ஆட்சிக்குட்பட்ட சிசிலியின் தலைநகராக இருந்தது. பழைய நகரையும் அருகிலுள்ள பந்தாலிக்கா பாறைக் கல்லறைகளையும் யுனெஸ்கோ அமைப்பு 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பழைய நகரின் இதயம் ஓர்தீஜியா என்னும் சிறு தீவு. பாலத்தைக் கடந்தால் போதும், நடந்தே சுற்றிவரலாம். பாலம் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது அப்போல்லோ கோவிலின் இடிபாடு. கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பின்னர் அது கிறிஸ்தவ ஆலயமாகவும், அரபு ஆட்சியில் மசூதியாகவும், நார்மானியர் காலத்தில் மீண்டும் ஆலயமாகவும், ஸ்பானியர் காலத்தில் படைவீரர் குடியிருப்பாகவும் இருந்தது. இன்று சில தூண்களும் ஒரு சுவரும் எஞ்சியிருக்கின்றன. அதைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே நடங்கள். இதே கதையை உயிரோடு பார்க்க வேண்டிய இடம் சற்றுத் தள்ளி இருக்கிறது.

அதுதான் மரியாவின் பிறப்புக்கு அர்ப்பணிக்கப்பட்ட பேராலயம். முகப்பைப் பார்த்தால் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1693 சனவரியில் கிழக்குச் சிசிலியையே தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு 1728இல் தொடங்கிக் கட்டிய பகட்டான முகப்பு அது. அதன் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு பலரும் போய்விடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். கட்டடத்தின் இடப்பக்கச் சந்தில் திரும்பி நடந்து பாருங்கள். ஆலயச் சுவருக்குள் பாதி புதைந்தபடி, பருத்த பழைய கிரேக்கத் தூண்கள் வரிசையாக நிற்கும். அவற்றுள் சில நிலநடுக்கத்தில் சற்றே நகர்ந்து கோணலாக இருப்பதும் தெரியும்.

அவை அத்தேனா தெய்வத்தின் கோவில் தூண்கள். கி.மு. 480இல் ஹிமெரா என்னுமிடத்தில் கார்த்தேஜ் படையை வென்ற கெலோன் என்ற ஆட்சியாளர் எழுப்பிய கோவில் அது. தந்தத்தாலும் பொன்னாலும் அழகு செய்த அதன் கதவுகள் புகழ்பெற்றவை. அவற்றை வெர்ரஸ் என்ற உரோமை ஆளுநர் கொள்ளையடித்ததையும், அதற்காக சிசெரோ கி.மு. 70இல் அவன்மேல் வழக்கு நடத்தியதையும் வரலாறு சொல்கிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஆயர் சொசிமுஸ் இந்தக் கோவிலைப் பேராலயமாக மாற்றினார். அவர் அதை இடிக்கவில்லை. வெளிவரிசைத் தூண்களுக்கு இடையே இருந்த வெளியைச் சுவர் எழுப்பி அடைத்தார்கள். உள்ளே தெய்வச் சிலை இருந்த அறையின் இரு பக்கச் சுவர்களிலும் எட்டு எட்டு வளைவுகளை வெட்டித் திறந்தார்கள். திறந்திருந்தது மூடியது, மூடியிருந்தது திறந்தது. மக்கள் வெளியே நின்று வழிபட்ட இடம், மக்கள் உள்ளே கூடி வழிபடும் இடமாயிற்று.

878இல் பல மாத முற்றுகைக்குப் பின் அரபுப் படைகள் நகரைப் பிடித்தன. பேராலயம் மசூதியாயிற்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் 1086இல் நார்மானியர் வந்தார்கள், மீண்டும் ஆலயமாயிற்று. உள்ளே நடக்கும்போது ஒரு பக்கம் கிரேக்கத் தூண்களும், மறு பக்கம் வெட்டிய சுவர் வளைவுகளும், நடுவில் நற்கருணைப் பீடமும் தெரியும். நுழைந்ததும் வலப்பக்கம் உள்ள முதல் சிற்றாலயத்தில் திருமுழுக்குத் தொட்டியைப் பாருங்கள். அது ஒரு பழங்கால கிரேக்கப் பளிங்குக் கலம். அதை ஏழு சிறு வெண்கலச் சிங்கங்கள் தாங்கி நிற்கின்றன. வேறு ஏதோ பயனுக்காகச் செதுக்கிய பாத்திரத்தில் இன்றைக்கும் அந்நகரின் குழந்தைகள் திருமுழுக்குப் பெறுகிறார்கள். ஓர் ஆலயம் நூறு வயதைத் தாண்டினாலே இடிக்க நாள் பார்க்கும் நமக்கு, 2500 ஆண்டுத் தூண்களின் நடுவே திருப்பலி காண்பது ஒரு பாடமாக இருக்கலாம்.

இந்த இடத்தில் லூக்கா தரும் இன்னொரு சிறு விவரம் நினைவுக்கு வருகிறது. பவுல் ஏறிவந்த அலக்சாந்திரியக் கப்பலில் கிரேக்கரின் இரட்டைத் தெய்வங்களின் சின்னம் இருந்தது (28:11). கடலோடிகளின் காவல் தெய்வங்கள் என்று அவர்கள் நம்பிய காஸ்டரும் பொல்லுக்ஸும்தான் அவை. லூக்கா அதைக் கண்டிக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. எழுதிவிட்டு அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுகிறார்.

பேராலயச் சதுக்கத்திலிருந்து கடலை நோக்கி இறங்கினால் அரெத்தூசா ஊற்று வரும். உப்புக் கடலுக்குச் சில அடி தொலைவில் நன்னீர் சுரக்கும் இயற்கை ஊற்று அது. கிரேக்கர் இதைச் சுற்றிக் கதைகள் கட்டினார்கள். 1798இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன், எகிப்துக்குப் போகும் வழியில் இந்நகரில்தான் தன் கப்பல்களுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டார். ஊற்றின் நடுவே பப்பிரஸ் கோரை அடர்ந்து வளர்ந்திருக்கும். விவிலியக் கையெழுத்துப் படிகள் பல எந்தத் தாளில் எழுதப்பட்டனவோ அந்தத் தாளைத் தந்த செடியை உயிரோடு காணலாம். மாலை வேளையில் இங்கே உட்கார்ந்திருப்பது இதமாக இருக்கும். பெரிய துறைமுகம் முழுவதும் கண்முன் விரியும். பவுலின் கப்பல் நங்கூரம் இட்டதும் இந்த நீர்ப்பரப்பில்தான் என்பது ஊராரின் நம்பிக்கை.

ஓர்தீஜியாவின் கிழக்குப் பக்கம் ஜூதெக்கா என்ற பகுதி இருக்கிறது. பெயரே சொல்கிறது, அது யூதர் தெரு. குறுகலான சந்துகள், மொட்டைமாடிகளில் துணி உலரும் வீடுகள். அங்கே ஒரு பழைய மாளிகையை விடுதியாக்குவதற்காக 1980களின் இறுதியில் பழுதுபார்த்தபோது, மண் மூடிக் கிடந்த ஒரு படிக்கட்டு வெளிப்பட்டது. தோண்டிக்கொண்டே போனார்கள். தரைக்கு ஏறக்குறைய 18 மீட்டர் கீழே, பாறையில் குடைந்த அறையில், நிலத்தடி நீர் நிறைந்த சிறு குளங்கள் இருந்தன. அது யூதர்களின் தூய்மைச் சடங்குக் குளம். ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய குளங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. வழிகாட்டியுடன் இறங்கிப் பார்க்கலாம். தண்ணீர் இன்றும் தெளிவாகவே இருக்கிறது.

அந்தப் படிக்கட்டு ஏன் மண்மூடிக் கிடந்தது? சிசிலி அப்போது ஸ்பெயின் நாட்டு அரசர் பெர்டினாந்தின் ஆட்சியில் இருந்தது. 1492இல் அவர் பிறப்பித்த ஆணை, திருமுழுக்குப் பெறாத யூதர் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. 1493 சனவரிக்குள் அவர்கள் போக வேண்டியதாயிற்று. பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த தெருவை விட்டுப் புறப்பட்டவர்கள், தங்கள் புனிதக் குளத்தைப் பிறர் தொடாதபடி மண்ணிட்டு மூடிவிட்டார்கள் என்பது அங்கே சொல்லப்படும் செய்தி. அருகில் கூரையின்றி நிற்கும் சிறு யோவான் ஆலயம், அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் எழுந்தது என்று கருதப்படுகிறது.

திருப்பயணிகளுக்கான கையேடுகள் பேராலயத் தூண்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும், இந்தக் குளத்தைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும். அது நியாயமாகத் தோன்றவில்லை. வேற்றுத் தெய்வத்தின் தூணைத் தன் ஆலயத்துக்குள் ஏற்றுக்கொண்ட கிறிஸ்தவ நகரம், பக்கத்துத் தெருவில் வாழ்ந்த மனிதரை ஏற்றுக்கொள்ளவில்லை. கல்லுக்கு இடம் கொடுத்தோம், ஆளுக்குக் கொடுக்கவில்லை. அதுவும் எந்த ஆளுக்கு? பவுல் ஒரு நகரில் கால் வைத்தால் முதலில் தேடிச் செல்வது யூதரின் தொழுகைக்கூடத்தைத்தான். அது அவருடைய வழக்கம் என்றே லூக்கா எழுதியிருக்கிறார் (17:2). உரோமை சென்று சேர்ந்த மூன்றாம் நாளிலும் அவர் யூதப் பெரியவர்களைத்தான் அழைத்துப் பேசினார் (28:17). சிரக்கூசாவில் கரையிறங்க அனுமதி கிடைத்திருந்தால், தன் இனத்தார் இங்கே எங்கே இருக்கிறார்கள் என்றுதான் முதலில் விசாரித்திருப்பார். யூத மக்களுடன் நமக்குள்ள உறவைத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965இல் வெளியிட்ட அறிக்கையில்தான் தெளிவாக எடுத்துரைத்தது. குளத்துப் படிகளில் இறங்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இனி பாலத்தைத் திரும்பக் கடந்து பெருநிலத்துக்கு வருவோம். நகரின் வடமேற்கில் நெயாப்போலிஸ் என்னும் தொல்லியல் பூங்கா இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து செய்த கிரேக்க நாடக அரங்கம், கிரேக்க உலகின் மிகப் பெரிய அரங்கங்களுள் ஒன்று. 1914 முதல், போர்க்காலம் போன்ற இடைவெளிகள் தவிர, பழைய கிரேக்க நாடகங்களை அங்கே நடித்துவருகிறார்கள். மே, சூன் மாதங்களில் சென்றால் பார்க்கலாம். மேலடுக்குக் கற்கள் எங்கே என்று கேட்காதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஓர்தீஜியாவுக்குக் கோட்டை கட்டப் பெயர்த்துப் போய்விட்டார்கள். ஆர்க்கிமிடீசின் கல்லறை என்று ஒன்றையும் காட்டுவார்கள். அது பிற்கால உரோமையர் கல்லறை. உண்மையான கல்லறையை கி.மு. 75இல் சிசிலியில் அதிகாரியாக இருந்த சிசெரோ முட்புதருக்குள் தேடிக் கண்டுபிடித்தார், அதன்பின் அது மீண்டும் தொலைந்துபோயிற்று.

அரங்கத்தைவிட மனத்தில் தைப்பவை அருகிலுள்ள கற்சுரங்கங்கள். நகரைக் கட்டக் கல் வெட்டி எடுத்த பெரும் பள்ளங்கள் அவை. இன்று எலுமிச்சை, ஆரஞ்சு மரங்கள் வளர்ந்து சோலைபோல் இருக்கின்றன. அங்கே 23 மீட்டர் உயரமுள்ள ஒரு குகை, காது வடிவில் வளைந்து உள்ளே போகும். கிசுகிசுத்தாலும் எதிரொலிக்கும். அதற்கு ‘தியோனீசியுவின் காது’ என்று பெயர் வைத்தவர் கரவாஜ்ஜோ என்ற ஓவியர் என்பார்கள். சுற்றுலாப் பயணிகள் அதனுள் நின்று பாட்டுப் பாடிப் பார்ப்பார்கள். ஆனால் கி.மு. 413இல் இந்நகரைத் தாக்கித் தோற்ற ஏதென்ஸ் படையினர் ஏழாயிரம் பேருக்குக் குறையாமல் இத்தகைய பள்ளங்களில்தான் அடைக்கப்பட்டனர். வெயிலிலும் இரவுக் குளிரிலும், செத்தவர்களின் உடல்களுக்கு நடுவே, ஆளுக்கு ஒரு கைப்பிடி தானியமும் சிறு குவளைத் தண்ணீரும் பெற்று மாதக்கணக்கில் கிடந்தார்கள். வரலாற்றாசிரியர் துசிடைடீஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பவுலும் இந்நகருக்குக் கைதியாகத்தான் வந்தார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கைதி மட்டுமல்ல, கப்பல் உடைந்து உயிர்தப்பியவர். உடைந்த கப்பலில் இருந்த 276 பேரும் பிழைத்தார்கள் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். அதே கடலில் 2015 ஏப்ரல் 18 அன்று, லிபியாவிலிருந்து வந்த ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்து 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர் முப்பது பேர்கூட இல்லை. 2016இல் கடலடியிலிருந்து தூக்கிய அந்தப் படகைக் கொண்டுவந்து சேர்த்த இடம், சிரக்கூசாவுக்கு வடக்கே சிறிது தூரத்தில் உள்ள அவுகுஸ்தா துறைமுகம். 2019இல் வெனிஸ் கலைக் கண்காட்சிக்குப் போய்விட்டு 2021இல் அது அவுகுஸ்தாவுக்கே திரும்பியது.

அடுத்து, புனித யோவான் சுரங்கக் கல்லறை. மேலே நிற்கும் ஆலயம் 1693 நிலநடுக்கத்தில் கூரையை இழந்தது. இன்றும் வானமே அதற்குக் கூரை. அதன் கீழே முதல் ஆயர் என்று மரபு போற்றும் புனித மார்சியானின் நிலவறை உள்ளது. பவுல் மறையுரை ஆற்றினார் என்று மக்கள் நம்பும் இடத்தையும் அங்கே காட்டுகிறார்கள். லூக்கா சொல்லாததை இந்த ஊர் இப்படி நிரப்பிக்கொண்டது. அருகிலேயே 4ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களின் கல்லறைச் சுரங்கங்கள் பரந்து கிடக்கின்றன. உரோமையில் காணும் ஒடுக்கமான வழிகள் அல்ல இவை. கிரேக்கர் காலத்து நீர்க்கால்வாய் ஒன்றை அகலப்படுத்தி அமைத்த நீண்ட தெரு, கிளைத் தெருக்கள், வட்டமான கூடங்கள் என்று ஒரு நகரமே நிலத்தடியில் இருக்கிறது. வழிகாட்டியோடுதான் செல்ல அனுமதி.

இங்கேதான் 1894இல் தொல்லியலாளர் பாவுலோ ஓர்சி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். கிரேக்க மொழியில் எழுதிய எளிய கல்லறை வாசகம் அது. எவுஸ்கியா என்ற பெண், ஏறக்குறைய 25 வயதில், தம் தலைவி லூசியாவின் திருநாளன்று இறந்தார் என்பது அதன் சாரம். அவருடைய கணவர் வைத்த கல். புனித லூசியாவைப் பற்றிய கதைகளில் எது வரலாறு, எது பிற்காலச் சேர்க்கை என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. லூசியா 304இல், தியோக்கிளேசியன் பேரரசரின் கலாபனையில் மறைசாட்சியானவர் என்பது மரபு. அதற்கு நூறாண்டு கழிவதற்கும் கழிந்ததற்கும் இடைப்பட்ட காலத்திலேயே இந்நகரில் அவருக்குத் திருநாள் இருந்தது என்பதை இந்தக் கல் காட்டியது. இளம் மனைவியை இழந்த ஒரு கணவரின் துயரமே சான்றாக வந்து நின்றது.

லூசியாவின் கதை நமக்குத் தெரிந்ததுதான். பெரும்பாடு நோயால் வருந்திய தாயை கத்தானியாவிலுள்ள புனித ஆகத்தாவின் கல்லறைக்கு அழைத்துச் சென்றார், தாய் குணமடைந்தார். பின்னர் லூசியா தம் சீதனப் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தார். அவருக்கு நிச்சயித்த மணமகனே அவரைக் காட்டிக்கொடுத்தான். நம் ஆலயங்களில் லூசியா தட்டில் இரு கண்களை ஏந்தி நிற்பார், கண்நோய் உள்ளோர் அவரிடம் வேண்டுவர். கண்களைப் பற்றிய கதை பிற்காலத்தில் சேர்ந்தது. ஒளி என்னும் பொருள் தரும் அவர் பெயரிலிருந்து அந்தப் பக்தி வளர்ந்திருக்க வேண்டும். திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் ஆகத்தாவின் பெயருக்கு அடுத்து லூசியாவின் பெயர் வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

அவர் இறந்த இடம் என்று கருதப்படும் இடத்தில் கல்லறை லூசியா ஆலயம் நிற்கிறது. அதன் பலிபீடத்துக்காக 1608இல் கரவாஜ்ஜோ தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. மால்த்தாவில் சிறையிலிருந்து தப்பி ஓடிவந்த குற்றவாளி அவர் அப்போது. பவுல் வந்த அதே வழியில் வந்தார் என்பது வேறு விஷயம். படத்தின் பாதிக்கும் மேல் வெறும் சுவர். கீழே, முன்வரிசையில், குழி தோண்டும் இரண்டு முரட்டு ஆள்கள் பெரிதாக நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, தரையில், சிறிதாக லூசியாவின் உடல், கழுத்தில் ஒரு வெட்டு. வானதூதர் இல்லை, ஒளிவட்டம் பெரிதாக இல்லை. பல ஆண்டுகள் வேறிடங்களில் இருந்த இந்த ஓவியம் 2020 இறுதியில் இவ்வாலயத்துக்கே திரும்பி வந்தது. நமக்குப் பழகிய வண்ணப் புனிதர் படங்களை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

பக்கத்தில் எண்கோண வடிவில் ஒரு சிற்றாலயம். அதுதான் கல்லறை. ஆனால் அது காலியானது. 1040 வாக்கில் நகரை மீட்க வந்த பைசாந்தியத் தளபதி ஜார்ஜ் மானியாக்கெஸ், லூசியாவின் உடலை எடுத்துச் சென்று கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்பினார் என்பது மரபு. 1204இல் சிலுவைப் போர் வீரர்கள் அந்நகரைச் சூறையாடியபோது உடல் வெனிசுக்குப் போயிற்று. அங்கே லூசியா ஆலயத்தை 1861இல் இரயில் நிலையத்துக்காக இடித்தார்கள். வெனிஸ் இரயில் நிலையத்துக்கு இன்றும் புனித லூசியா என்றே பெயர். உடல் அருகிலுள்ள எரேமியா ஆலயத்தில் வைக்கப்பட்டது. 1981 நவம்பரில் துப்பாக்கியோடு வந்தவர்கள் அதைத் திருடிப்போக, டிசம்பர் திருநாளை ஒட்டி மீட்டார்கள். சில சிறு திருப்பண்டங்களைத் தவிர சிரக்கூசாவில் அவர் இல்லை.

கல்லறை ஆலயத்திலிருந்து சற்று நடந்தால் கண்ணீர் அன்னை திருத்தலம் வரும். உண்மையில் நடக்கும் முன்பே தெரியும். கூம்பு வடிவில் 70 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கான்கிரீட் கட்டடம் அது. அழகா என்று கேட்டால் சிரக்கூசா மக்களே இரண்டு கட்சியாக நிற்பார்கள். 1953 ஆகஸ்ட் 29 அன்று, ஏழைத் தொழிலாளர் வீடொன்றில், கருவுற்று நோயில் கிடந்த ஓர் இளம் பெண்ணின் படுக்கைக்கு மேலே தொங்கிய மரியாவின் மாசற்ற இதயச் சுருபத்திலிருந்து கண்ணீர் வடிந்தது. விலைமதிப்பில்லாத சாதாரண சுண்ணச் சுருபம். செப்டம்பர் 1 வரை விட்டு விட்டு வடிந்த அந்த நீரை மருத்துவர்கள் சேகரித்துச் சோதித்தனர். மனிதக் கண்ணீருக்கு ஒத்த கூறுகள் அதில் இருப்பதாக அறிக்கை தந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் சிசிலி ஆயர்கள் கூடி அந்நிகழ்வை ஏற்று அறிவித்தார்கள். 1994 நவம்பர் 6 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருத்தலத்தை நேர்ந்தளித்தார்.

இத்தகைய நிகழ்வுகளை நம்பியே தீர வேண்டும் என்று திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். அந்த நான்கு நாள்களில் அன்னை ஒரு சொல்லும் பேசவில்லை. இரகசியம் இல்லை, எச்சரிக்கை இல்லை. போர் முடிந்து எட்டு ஆண்டே ஆகியிருந்த ஒரு வறிய தெருவில் வெறும் கண்ணீர். அதன் பொருளை மக்களே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு: விமானத்தில் கத்தானியா வரை வந்து, அங்கிருந்து பேருந்திலோ இரயிலிலோ தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சூலை, ஆகஸ்ட் மாத வெயில் நமக்கே கடுமையாக இருக்கும். ஆலயங்களில் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை தேவை. நண்பகலில் பல ஆலயங்கள் மூடியிருக்கும், ஆகவே காலையிலேயே தொடங்குங்கள். பேராலயத்திலுள்ள லூசியாவின் வெள்ளிச் சுருபத்தை ஆண்டு முழுவதும் பார்க்க முடியாது. மே மாத முதல் ஞாயிற்றை ஒட்டியும் டிசம்பரிலும்தான் சிற்றாலயக் கதவு திறக்கும்.

முடிந்தவர்கள் டிசம்பரில் போங்கள். 13ஆம் தேதி பிற்பகல், 1599ஆம் ஆண்டு காலத்து அந்த வெள்ளிச் சுருபத்தைப் பச்சைத் தொப்பி அணிந்த ஆண்கள் தோளில் சுமந்து பேராலயத்திலிருந்து புறப்படுவார்கள். பாலத்தைத் தாண்டிக் கல்லறை ஆலயம் போய்ச்சேர இரவாகிவிடும். லூசியா எங்கள் ஊர்ப்பெண் என்று கூட்டம் முழங்கிக்கொண்டே வரும். சிசிலியர் பலர் அன்று ரொட்டி உண்பதில்லை, அவித்த கோதுமையை உண்பார்கள். 1646 பஞ்சத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று கரைசேர்ந்தபோது, அரைக்கப் பொறுமையின்றி அப்படியே அவித்துத் தின்ற பட்டினியின் நினைவு அது. கப்பல் வந்தது எங்கள் துறைமுகத்துக்குத்தான் என்று பலெர்மோ மக்களும் சொல்வார்கள், சிரக்கூசா மக்களும் சொல்வார்கள்.

2004இல், மறைசாட்சியத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவில், லூசியாவின் உடலைச் சில நாள்களுக்கு வெனிஸ் தந்தது. 2014இல் மறுபடியும் வந்தார். 2024 டிசம்பரில் மூன்றாம் முறையாக வந்தார். மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். கிறிஸ்து பிறப்பு விழா முடிந்ததும் உடல் வெனிசுக்குத் திரும்பியது. எண்கோண ஆலயத்தில் கல்லறை இருந்தபடியே இருக்கிறது. வெறுமையான அந்தக் குழியின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் ஆண்டின் எந்த நாளிலும் உண்டு.